பட்டனைத் தொடாமல் நின்றவர்

அந்த வீட்டுக் கதவு நிலையில் இருந்த இரண்டு திருகாணி ஓட்டைகளை அடைத்தது நான்தான். பட்டி வைத்துத் தேய்த்து, நிலையின் நிறத்திலேயே பெயிண்ட் அடித்து, விரலால் தடவினாலும் தெரியாதபடி செய்து கொடுத்தேன். துபாயில் ஒரு குடியிருப்புக் கட்டடத்தில் எனக்கு மெயின்டனன்ஸ் வேலை. குழாய், விளக்கு, கதவு, பூட்டு எல்லாம் பார்க்க வேண்டும். ஆனால் ஒரு வேலையை இத்தனை சத்தமில்லாமல் செய்யும்படி அதற்கு முன் யாரும் என்னிடம் கேட்டதில்லை.

"டிரில் வேண்டாம் தம்பி. கையால முடியுமா?" என்றார் வீட்டுக்காரர். அக்கம்பக்கக் கதவுகளை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

அவர்கள் கொச்சியைச் சேர்ந்த யூதக் குடும்பம். அவர், மனைவி, இங்கேயே பிறந்து பள்ளிக்குப் போகும் ஒரு பையன். அவர் பல வருஷம் கோயம்புத்தூரில் வியாபாரம் செய்தவர் என்பதால் மலையாள வாசனையோடு நல்ல தமிழ் பேசுவார். யூதர் என்ற சொல்லைப் பத்தாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். அந்தச் சொல்லுக்கு ஒரு முகமும், ரசம் கொதிக்கும் அடுப்படியும் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

நிலையில் இருந்து நான் கழற்றியது விரல் நீளத்தில் ஒரு வெள்ளி உறை. மெசூசா என்றார்கள். உள்ளே தோலில் எழுதிய வேத வசனம் இருக்கிறதாம். வாசலைத் தாண்டும்போதெல்லாம் அதைத் தொட்டு விரலை முத்தமிட்டுக்கொள்வார்கள். காஸாவில் சண்டை தொடங்கிய பிறகு நாலு பேர் பார்க்கிற இடத்தில் அது இருப்பது சரியில்லை என்று முடிவு செய்திருந்தார்கள். கதவைச் சாத்தினால் கண்ணில் படாதபடி உள்பக்கமாக மாட்டிக் கொடுத்தேன். பையன் வந்து புது இடத்தில் தொட்டுப் பார்த்தான்.

"இப்போ இது யாரைப் பார்த்துட்டு இருக்குப்பா? நம்மளையா?" என்றான். அவர் கதவைச் சாத்தித் தாழ் போட்டார்.

அன்றிலிருந்து அவர்களுடைய பயத்தில் கொஞ்சம் என்னிடமும் ஒட்டிக்கொண்டது. லிஃப்டில் புதிதாக யாராவது அந்த மாடிக்குப் பட்டனை அழுத்தினால் எந்தக் கதவுக்குப் போகிறார் என்று பார்த்துவிட்டுத்தான் நகர்வேன். நான் ஏன் பயப்பட வேண்டும் என்று என்னையே கேட்டுக்கொள்வேன். ஓட்டையை அடைத்தவனுக்கு ஓட்டை எங்கே இருந்தது என்பது தெரியுமே!

பஸ்கா பண்டிகை வந்தது. முன்னோர் எகிப்தில் அடிமைத்தளையிலிருந்து மீண்டதைக் கொண்டாடும் பண்டிகை, அவர்கள் பெசஹா என்பார்கள். அதற்கு முந்தைய நாள் வீட்டுக்காரர் என்னை அழைத்தார். குழாய் ஏதோ ஒழுகுகிறது என்று நினைத்து ஸ்பானரோடு போய் நின்றேன்.

"அது வேண்டாம். உக்காரு. ஒரு உபகாரம் வேணும். நீ படிச்ச ஆளு, சொன்னா புரியும் கேட்டோ."

விஷயம் இதுதான். அந்தப் பண்டிகை நாட்களில் கோதுமை மாதிரி தானியத்தில் செய்த, புளித்த அல்லது புளிக்கக்கூடிய எதுவும் அவர்கள் வீட்டில் அவர்களுடையதாக இருக்கக் கூடாது. தூக்கிப் போடலாம். இல்லையென்றால் யூதர் அல்லாத ஒருவருக்கு விற்றுவிடலாம். பொருள் அதே அலமாரியில் பூட்டிக் கிடக்கும், உடைமை மட்டும் மாறிவிடும். வருஷா வருஷம் எல்லோருக்குமாகச் சேர்த்து அவர்களுடைய மதகுரு ஒருவர் இந்த விற்பனையை நடத்தி வைப்பார். அவர் சண்டைக்குப் பிறகு வெளிநாடு போனவர், திரும்பவில்லை.

"அதனால உனக்கு விக்கறேன்."

"எனக்கா? எனக்கு என்ன சார் தகுதி இருக்கு?"

"நீ எங்க ஆள் இல்ல. அதான் தகுதி."

அடுப்படியில் இருந்து அக்கா சிரித்தார். அவர் மனைவியை அக்கா என்றே கூப்பிடுவேன். "நல்லாக் கேளு தம்பி. ஆட்டா, ரவை, சேமியா, நூடுல்ஸ், பாதி விஸ்கி. இத்தனைக்கும் நீதான் முதலாளி. அரிசி மட்டும் எங்களோடது. அரிசி எங்களுக்கு ஆகும்."

"சும்மா பேருக்குத்தானே அக்கா?"

"பேருக்கு இல்ல" என்றார் வீட்டுக்காரர் அவசரமாக. "பேருக்குன்னா செல்லாது. நிஜமாவே உன்னோடது. நாளைக்கே நீ வந்து சேமியாவை எடுத்துட்டுப் போய்ப் பாயசம் வெச்சாலும் நான் வாயத் திறக்க முடியாது."

"அங்கிள், ப்ளீஸ், என் பிஸ்கட்டை மட்டும் தொட்றாதீங்க" என்றான் பையன்.

ஒரு காகிதம் வைத்திருந்தார். ஆங்கிலத்தில் ஒரு பக்கம். அதைக் கையில் வாங்கியதும் எனக்கு வியர்த்தது. எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எங்கள் வீட்டுக்குக் காகிதம் என்பது எப்போதும் பயத்தோடுதான் வரும். யாரோ நீட்டுவார்கள், அப்பா பெருவிரலை மையில் தோய்ப்பார், அப்புறம் அம்மா அழுவாள். நான் விமானம் ஏறும்போது அப்பா சொன்ன ஒரே புத்தி, "படிக்காத காயிதத்துல பேர எழுதிராதடா." அதனால் படித்தேன். வரிக்கு வரி, மறுபடியும் முதலில் இருந்து. மூவரும் காத்திருந்தார்கள். தப்பாக ஒன்றும் இல்லை. ஆனால் என் பெயர் அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் வரும். யாராவது பார்த்தால்?

"சார், இது இங்க தப்பு ஒண்ணும் இல்லையே?"

"சட்டப்படி ஒரு தப்பும் இல்ல தம்பி. ஆனா பயம் சட்டத்தைக் கேட்டுட்டு வர்றதில்ல. வேண்டாம்னா வேண்டாம். மனசுல வெச்சுக்க மாட்டேன்."

அவர் அப்படிச் சொல்லியிருக்காவிட்டால் ஒருவேளை மறுத்திருப்பேன். கையெழுத்துப் போட்டேன். அவர் ஒரு கைக்குட்டையை நீட்டினார். அதைப் பிடித்துத் தூக்கினேன். அப்படித் தூக்கினால் வியாபாரம் படிந்ததாம். அலமாரிச் சாவி என் கைக்கு வந்தது.

கிளம்பும்போது அக்கா சொன்னார். "போன வருஷம் வரைக்கும் நாலஞ்சு குடும்பமா சேர்ந்து பண்டிகை விருந்துக்கு உக்காருவோம். இந்தத் தடவை அவங்கவங்க வீட்லயே, கதவ மூடிட்டு. கொச்சியில ஜன்னலத் திறந்து வெச்சுப் பாடுவாங்க எங்க வீட்ல. தெருவுல போறவங்க நின்னு கேட்டுட்டுப் போவாங்க. இவனுக்குப் பாட்டும் சொல்லித்தர்றோம், கூடவே ஜன்னல மூடவும் சொல்லித்தர்றோம். கடைசியில எது இவன் மனசுல நிக்கும்னுதான் பயமா இருக்கு."

"இந்த வருஷம் பாட்டு இல்ல. முணுமுணுத்தாப் போதும்" என்றார் அவர்.

"முணுமுணுத்தா ட்யூன் எப்படிப்பா வரும்?" என்றான் பையன்.

அன்று என் அறைக்குத் திரும்பியதும் சாவியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. என்னோடு அறையில் இருப்பவர் கீழக்கரைக்காரர், ஏசி மெக்கானிக். என்னைவிட மூத்தவர், அவர்கள் ஊர் முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பது போலக் காக்கா என்று கூப்பிடுவேன். கட்டிலில் உட்கார்ந்து காஸாச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு குழந்தையைத் துணியில் சுற்றித் தூக்கிப் போகிறார்கள். காக்கா மூக்கை உறிஞ்சினார். எனக்கும் பார்க்க முடியவில்லை.

"என்ன தம்பி, புதுச் சாவி? வீடு கீடு வாங்கிட்டியா?"

"ஸ்டோர் சாவி காக்கா."

அவர் கெட்டவர் அல்ல. எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்த மனுஷர். சொன்னால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. அதுதான் பயம். கெட்டவரிடம் சொல்லாமல் இருப்பது சுலபம். கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும் நல்லவரிடம் என்ன சொல்வது? சாவியைக் கால்சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு படுத்தேன்.

மறுநாள் சாயங்காலம் பண்டிகை தொடங்கியது. சூரியன் இறங்கிவிட்டது. கீழே லாபியில் ஒரு விளக்கை மாற்றிக்கொண்டிருந்தேன். ஏணியில் நின்றபடி பார்த்தால், லிஃப்ட் பக்கத்தில் ஒருவர் நிற்கிறார். என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். நம் ஊர் முகம்தான். தலையில் கிரிக்கெட் தொப்பி, கையில் கனமாக ஒரு துணிப்பை, சட்டை முழுக்க வியர்வை. லிஃப்டுக்கு முன்னால் நிற்கிறார், பட்டனை அழுத்தவில்லை. யாரோ ஒரு அம்மா வந்து அழுத்தி, கதவு திறந்து, ஏறிப் போய்விட்டார். இவர் ஏறவில்லை. மறுபடியும் நிற்கிறார். துபாயில் முகவரி தேடி வருகிற எவனும் ஃபோனைப் பார்த்துக்கொண்டுதான் நிற்பான். இவர் கையில் ஃபோனும் இல்லை.

என்னைப் பார்த்துவிட்டார். ஏணிக்குக் கீழே வந்து, ஹிந்தியில், குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"பாய், இந்த பில்டிங்ல அவங்க இருக்காங்கதானே?"

"யாரு?"

அவர் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "இன்னிக்குப் பண்டிகை கொண்டாடறவங்க. ஒரு பையன்கூட இருக்கான்."

ஏணிக் கம்பியை இறுக்கிப் பிடித்தேன். பண்டிகை இன்று என்று இவனுக்கு எப்படித் தெரியும்? பையன் இருப்பது எப்படித் தெரியும்? பையில் என்ன?

"மாஃபி" என்று, இங்கே எல்லோரும் பேசும் அரபியில் இல்லை என்றேன். "இங்க அப்படி யாரும் இல்ல. எல்லாரும் நம்ம ஆளுங்க."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போனார். அவர் போன பிறகும் என்னால் ஏணியிலிருந்து இறங்க முடியவில்லை.

யாரிடம் சொல்வது? செக்யூரிட்டியிடம் சொன்னால், எந்த வீட்டைக் கேட்டான் என்பார். நானே வீட்டைக் காட்டிக்கொடுத்தது மாதிரி ஆகும். அவர்களுக்கு ஃபோன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அக்கா முன்பே சொன்னது அப்போதுதான் நினைவு வந்தது. பண்டிகை தொடங்கிவிட்டால் ஃபோனைத் தொட மாட்டார்கள், மின்சாரப் பட்டன் எதையும் அழுத்த மாட்டார்கள். உலகத்திலேயே அவர்களைத் தேடி யாராவது வரக்கூடிய ஒரு சாயங்காலம் உண்டென்றால் அது இதுதான். அதே சாயங்காலத்தில் அவர்களைக் கூப்பிட வழியே இல்லை.

மாடிப்படிப் பக்கம் போனேன். நேபாளி செக்யூரிட்டி கேட்டான், "டூட்டி முடிஞ்சுதே, மேல என்ன வேலை?"

"என் சாமான் மேல இருக்கு" என்றேன். அன்று நான் சொன்னதில் அது ஒன்றுதான் முழு உண்மை.

கதவுக்கு வெளியே நின்றபோது உள்ளே மெல்லிய முணுமுணுப்பு கேட்டது. பெல் அடிக்காமல் விரலால் தட்டினேன். முணுமுணுப்பு நின்றது. நாற்காலி நகரும் சத்தம். பிறகு சத்தமே இல்லை. மறுபடி தட்டினேன். உள்ளே மூன்று பேர் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது கதவுக்கு இந்தப் பக்கம் எனக்குத் தெரிந்தது. அவர்களைப் பயமுறுத்துவது இப்போது நான்தான்.

"சார், நான்தான் சார். உங்க ஆட்டாவுக்கு முதலாளி."

சங்கிலி போட்டபடியே கதவு விரல் அளவு திறந்தது. அவர் என்னைப் பார்த்ததும் சங்கிலியைக் கழற்றி உள்ளே விட்டுவிட்டு, மறுபடி மாட்டினார். திக்கித் திக்கிச் சொன்னேன். ஒருத்தன் வந்தான், பண்டிகை வீடு எது என்று கேட்டான், பை வைத்திருந்தான். அக்கா பையனின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மேஜையில் வெள்ளைத் துணியும் கோப்பைகளும், அப்பளம் மாதிரி அகலமான ரொட்டியும் இருந்தன. விளக்கை அணைக்கலாம் என்றாலும் அவர்கள் அணைக்க முடியாது.

"நான் அணைச்சிடட்டுமா சார்?"

அவர் கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டுத் திரும்பினார். "ஆள் எப்படி இருந்தான்?"

"நம்ம ஊர் ஆள் மாதிரிதான். வேர்த்து ஊத்திச்சு. எங்கேயிருந்தோ நடந்து வந்திருக்கான்."

"நடந்தா? ஃபோன்ல யாருக்காவது பேசினானா?"

"கையில ஃபோனே இல்ல சார். அதான் எனக்குச் சந்தேகம். லிஃப்ட்கிட்ட அவ்வளவு நேரம் நிக்கறான், பட்டன அழுத்தவே இல்ல."

அக்கா சட்டென்று கணவரைப் பார்த்தார். பையன்தான் முதலில் பேசினான். "அப்பா. ஹி இஸ் ஒன் ஆஃப் அஸ்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் யாரைத் துரத்தினேன்?

"இருக்கலாம்" என்றார் அவர். "இல்லாமயும் இருக்கலாம். நம்ம வழக்கத்தப் படிச்சுட்டு வர்றவனும் உண்டு. பொறியா இருந்தா?"

"இப்பத்தானே பண்டிகைப் புத்தகத்துல வாசிச்சீங்க" என்றார் அக்கா. "பசிச்சவன் எவனானாலும் உள்ள வரட்டும்னு. முணுமுணுத்துச் சொன்னா அது கணக்குல வராதா?"

"பையன் இருக்கான்."

"பையன் இருக்கறதாலதான் சொல்றேன். வாயால வான்னு சொல்லிட்டு வாசல்ல சங்கிலி போட்டு வைக்கறதையா இவன் படிக்கணும்?" சொல்லும்போதும் அக்கா பையனின் தோளை விடவில்லை. என்னைப் பார்த்தார். "தம்பி, அந்த ஆள் எந்தப் பக்கம் போனாரு?"

படிகளில் இறங்கி ஓடினேன். எனக்குக் கண்டுபிடிக்க வேண்டும் என்றும் இருந்தது, கண்டுபிடிக்கக் கூடாது என்றும் இருந்தது. பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு பஸ் வந்து நின்று போனது. அவர் ஏறவில்லை. பை மடியில் இருந்தது.

நான் நேராக வருவதைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "சாரி பாய், தப்பான இடம். நான் போயிடறேன்" என்று பின்னால் நகர்ந்தார். அவர் கண்ணில் இருந்தது என்ன என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஏணியில் நின்றபோது என் கண்ணில் இருந்ததும் அதுதான். என்னைப் போலீஸ்காரன் என்று நினைக்கிறார். அல்லது அதைவிட மோசமாக.

எப்படிச் சொல்வது? அந்தச் சொல்லைத் தெருவில் வாய்விட்டுச் சொல்ல எனக்கும் தைரியம் இல்லை. என் கால்சட்டைப் பையில் இருந்து சாவியை எடுத்துக் காட்டினேன். எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன். "அவங்க வீட்டு ஆட்டா இப்போ என்னோடது. நேத்துதான் வாங்கினேன்."

அவர் சாவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முதலில் தோள் குலுங்கியது. அப்புறம் வாய்விட்டுச் சிரிக்க ஆரம்பித்து, அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாதபடி முகத்தை மூடிக்கொண்டார். "விஸ்கியும் உண்டா பாய்?" என்றார்.

"பாதி பாட்டில்" என்றேன்.

வழியில் சொன்னார். கொங்கண் கரையைச் சேர்ந்த யூதர். சவூதியில், ஜுபைலில் ஒரு பிளாண்ட்டில் டெக்னீஷியன். கேம்ப் வாழ்க்கை. அங்கே கூட இருப்பவர்கள் யாருக்கும் இவர் இன்னார் என்று தெரியாது. லீவு எடுத்துக்கொண்டு இந்த ஒரு சாயங்காலத்துக்காகத் துபாய் வந்திருக்கிறார். போக இருந்த வீடு பூட்டிக் கிடந்திருக்கிறது, அந்தக் குடும்பம் பயந்து ஊரைவிட்டே போய்விட்டது. இந்தக் கட்டடத்தில் கொச்சிக்காரர் ஒருவர் பையனோடு இருக்கிறார் என்று எப்போதோ காதில் விழுந்த நினைவில் நடந்தே வந்திருக்கிறார்.

லிஃப்ட் பட்டனை நான் அழுத்துகிறேன் என்றேன். வேண்டாம் என்று படியேறினார். அவர் முன்னால் ஏறினார், நான் பின்னால். பாதி மாடியில் எனக்கு மறுபடியும் பயம் பிடித்தது. சிரிப்பை யார் வேண்டுமானாலும் சிரிக்கலாம். இவரை நம்பி மேலே கூட்டிப் போகிறேனே, நான் யார் நம்புவதற்கு?

கதவைத் தட்டி, "சார், வந்திருக்காரு" என்றேன். கதவு திறக்கவில்லை. உள்ளே குசுகுசுவென்று பேச்சு. பிறகு பையனின் குரல், மெதுவாகப் பாட ஆரம்பித்தது. அன்றைய பண்டிகையில் வீட்டின் சின்னப் பிள்ளை கேட்க வேண்டிய கேள்விகள் உண்டாம். வந்தவர் அவர்கள் ஆள்தானா என்று சோதிக்க, அதில் முதல் கேள்வியைக் கதவுக்கு உள்ளிருந்தே கேட்கிறான். பாடத் தடை போட்ட வீட்டில் அதுதான் முதல் பாட்டு. இவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கதவில் நெற்றி படும் அளவுக்கு நெருங்கி, பதிலுக்கு அடுத்த வரியை எடுத்தார்.

பையன் நிறுத்திவிட்டான். "அப்பா, ட்யூன் ராங்."

எனக்கும் இவருக்கும் நடுவில் அந்தப் பை இருந்தது. இவரோ நிறுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அவருடைய மெட்டிலேயே தொடர்ந்து பாடினார். சொற்கள் எனக்குப் புரியாது. ஆனால் பல வருஷமாக யார் காதிலும் விழாத குரல் அது என்பது புரிந்தது. அங்கங்கே தடுக்கி விழுந்து எழுந்து போனது.

உள்ளே அக்கா சொன்னது கேட்டது. "ராங் இல்லடா. வார்த்தை அதேதான், கேளு. அது அவங்க கரை மெட்டு. நம்மளது நம்ம கரை மெட்டு."

சங்கிலி விழுந்தது. வந்தவர் உள்ளே நுழைந்ததும் கை தானாக நிலையின் உள்பக்கம் போனது. நான் மறைத்து வைத்திருந்த இடத்தை நொடியில் கண்டுபிடித்துத் தொட்டு, விரலை முத்தமிட்டார். பையை அக்காவிடம் கொடுத்தார். ஜுபைல் பேரீச்சம்பழம். அதைத்தான் நான் என்னவெல்லாமோ நினைத்திருந்தேன்.

என்னையும் உட்காரச் சொன்னார்கள். மாட்டேன் என்று வெளியே நடையிலேயே நின்றேன். யாராவது வந்தால் இருமுவதாகச் சொல்லியிருந்தேன். உள்ளே இரண்டு மெட்டுகளும் மோதிக்கொண்டன. பையன் ஒன்றைப் பாட, வந்தவர் இன்னொன்றைப் பாட, "நாங்க பாடறதுதான் சரி அங்கிள்" என்று அவன் சண்டை போட்டான். குரல் கொஞ்சம் ஏறும், யாரோ உஷ் என்பார்கள், இறங்கும், மறுபடி ஏறும். நான் லிஃப்ட் எண்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது அந்த மாடியை நெருங்கும்போதெல்லாம் தொண்டை தயாராகும்.

புறப்படும்போது அந்த அகல ரொட்டியில் ஒரு துண்டை டிஷ்யூவில் சுற்றிக் கொடுத்தார் அக்கா. அறையில் காக்கா அதைப் பார்த்துவிட்டு, "என்னடா இது, தீஞ்சுபோன அப்பளமா?" என்று உடைத்து வாயில் போட்டார். "உப்பும் இல்ல, உறைப்பும் இல்ல. எவன்டா செஞ்சான்?"

"மேல் வீட்ல குடுத்தாங்க காக்கா. அவங்க பண்டிகை."

"என்ன பண்டிகை?"

தெரியாது என்றேன். அவர் இன்னொரு துண்டை உடைத்துக்கொண்டார்.

பண்டிகை முடிந்ததும் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வியாபாரம் திரும்பியது. ஆட்டா மறுபடி அவர்களுடையது. பிஸ்கட் பொட்டலத்தை நான் தொடவில்லை என்பதைப் பையன் எடுத்துப் பார்த்து உறுதி செய்துகொண்டான். பிறகு மேஜையில் தாளம் போட்டுக்கொண்டு எதையோ பாடினான். அது அவர்கள் கரை மெட்டா, அந்தக் கரை மெட்டா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஜன்னல் மூடித்தான் இருந்தது.

எனக்கு ஒன்று கேட்க வேண்டியிருந்தது. "சார், இனிமே யாராவது வந்து கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

அவர் போய் ஜன்னல் தாழ்ப்பாளைச் சரிபார்த்துவிட்டு வந்தார். இருக்கிறார்கள் என்று சொல் என்பார் என அக்கா எதிர்பார்த்த மாதிரி இருந்தது. அவர் அப்படிச் சொல்லவில்லை.

"இல்லன்னே சொல்லு தம்பி. இங்க அப்படி யாரும் இல்லன்னே சொல்லு. சொல்லிட்டு, அந்த ஆள் லிஃப்ட்கிட்ட போறப்போ கையப் பாரு. பட்டனத் தொடாம நின்னாருன்னா, படி வழியா மேல கூட்டிட்டு வா."

"பண்டிகை இல்லாத நாள்ல வந்தா சார்? அன்னிக்கு அவங்களும் பட்டனத் தொடுவாங்களே?"

அவர் வாசல் வரை வந்து, உள்பக்க மெசூசாவைத் தொட்டுவிட்டுக் கதவைத் திறந்துவிட்டார். இன்றைக்கும் லாபியில் ஏணி போட்டு நிற்கும்போது, புதிதாக வருகிறவர்களின் முகத்தை நான் பார்ப்பதில்லை. விரலைப் பார்க்கிறேன். விரல் பட்டனை நோக்கிப் போகிற அந்த நொடியில் மூச்சு தானாக நின்றுவிடுகிறது.